கூண்டின் மேல் ஒரு கறுப்புத் திரை

“குட்டி ரெண்டு நாள் நம்ம வீட்ல வந்து இருக்கப் போறாளாம்.”

“வரட்டுமே. அதுக்கு எதுக்கு இப்படித் தலையைச் சொறியறீங்க?”

“தனியா வரல.”

“மாப்பிள்ளை அண்ணாவும் வர்றாரா?”

“இல்ல, அவர் வரல. கோழி வருது.”

“சமைச்சா, சமைக்காமலா?”

“உயிரோடம்மா. அஞ்சு.”

அன்றைக்கு அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். அது மழை ஆரம்பித்த சமயம். இப்போது வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்த ‘ரெண்டு நாள்’ மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை. சிரிப்பு எப்போது நின்றது என்று கேட்டால் அவளுக்கே சரியாக நினைவில்லை.

வீட்டில் அவளுக்கு அண்ணி என்றுதான் பெயர். நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது வாசலில் காய்கறி விற்கிறவர்கூட ‘அண்ணி, கத்தரிக்காய் இருக்கு’ என்கிறார். அந்த நாத்தனார்தான் குட்டி. முப்பத்து நான்கு வயது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் பிரிவுக்கே பொறுப்பாளர். இருந்தும் அண்ணனுக்கு அவள் என்றைக்கும் குட்டிதான்.

அந்த அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எந்த அடுக்குமாடியில் யார் மாட்டிக்கொண்டாலும் ஓடிப்போய் மீட்டுக்கொண்டு வருவார். வீட்டில் மட்டும் மனைவிக்கும் தங்கைக்கும் நடுவே, இரண்டு மாடிக்கு இடையில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி, தானே தொங்கிக்கொண்டிருந்தார்.

குட்டி ஏன் வந்தாள் என்பதற்கு அவள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். “கோழிகளை விட்டுட்டு வா, வேற வீடு பார்த்திருக்கேன்னார். நான் அவரை விட்டுட்டுக் கோழிகளோட வந்துட்டேன்.” அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சரி, வந்தவள் வந்தாள். அண்ணிக்கு நாத்தனாரோடு சண்டையே கிடையாது. காலையில் எழுந்து பாத்திரம் தேய்ப்பாள், துணி மடிப்பாள், குளியலறையில் வழுக்காமல் கழுவிவிடுவாள். சண்டை போடக்கூட ஒரு காரணம் தராத நாத்தனார். எரிச்சல் எல்லாம் அந்தக் கொல்லையில் இருந்தது.

ஏனென்றால் அண்ணியின் பிழைப்பே குரல்தான்.

ஏதாவது ஓர் அலுவலகத்துக்கு போன் செய்தால், ‘எண் ஒன்றை அழுத்தவும்’ என்று கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல் ஒரு பெண் சொல்கிறாளே, அந்த மாதிரிக் குரல். வீட்டின் பின்பக்கம் இருந்த சாமான் அறையில் பழைய மெத்தைகளைச் சுவரில் சாத்தி, மீதி இடத்தில் காலி முட்டை அட்டைகளை ஒட்டி, நடுவில் ஒரு மைக்கை வைத்திருந்தாள். முதல்முறை உள்ளே எட்டிப் பார்த்த குட்டி, “அண்ணி, இந்த அட்டையெல்லாம் பார்த்தா என் கோழிங்க உரிமையா உள்ள வந்து முட்டை போட்டுடும்” என்றாள். அப்போதும் அண்ணி சிரித்தாள். புத்தி இல்லாமல்.

உள்ளே வந்தால்கூடத் தேவலை. அவை ஜன்னலுக்கு வெளியே முட்டை போட்டன. போட்டுவிட்டுச் சும்மா இருக்கிற சாதியா அது? ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டும். குட்டி ஒன்றுக்கு ‘வக்கீல்’ என்று பெயர் வைத்திருந்தாள். அது தான் போட்ட ஒற்றை முட்டைக்காகக் கால் மணி நேரம் வாதாடும். மேனேஜர், சீமாட்டி, அழுமூஞ்சி மூன்றும் கூட நின்று சாட்சி சொல்லும். ‘ஊமை’ என்ற சாம்பல் நிறக் கோழி மட்டும் முட்டையிட்டது யாருக்கும் தெரியாமல் எழுந்து போய்விடும். ஐந்தில் அது ஒன்றைத்தான் அண்ணிக்குப் பிடிக்கும்.

போன மாதம், அவள் பதிவுகளை வாங்கிக்கொள்கிற ஸ்டுடியோக்காரர் போன் செய்தார்.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. ‘கடன் பற்றிய விவரங்களுக்கு எண் மூன்றை அழுத்தவும்’னு நீங்க சொன்னதும் பின்னால யாரோ சிரிக்கிறாங்க மேடம்.”

“சிரிக்கல சார். அது கோழி.”

“கோழின்னு நமக்குத் தெரியும். கடன் வாங்க வர்றவங்களுக்குத் தெரியுமா?”

அன்றைக்குத்தான் அண்ணி பரண் மேல் கிடந்த கறுப்புத் திரையை இறக்கினாள்.

விஷயம் எளிது. குட்டி வேலைக்குப் போனதும், அண்ணி கையில் தானியத்தை வைத்துக்கொண்டு, தன்னுடைய மிக இனிமையான குரலில் ‘பா, பா’ என்று கொஞ்சிக் கூப்பிட்டு, ஐந்தையும் கூண்டுக்குள் தள்ளுவாள். கூண்டின் மேல் திரையைப் போர்த்துவாள். காற்றுக்கு அடியில் கொஞ்சம் இடம் விடுவாள். அவ்வளவுதான், கோழிகளுக்கு ராத்திரி வந்துவிடும். ஒரு சத்தம் வராது. பிற்பகலில் வேலை முடிந்து திரையை எடுத்தால், ஐந்தும் பொழுது விடிந்ததாக எண்ணிச் சோம்பல் முறித்துக்கொண்டு வெளியே வரும். குட்டி வீடு திரும்பும்போது கொல்லையில் எல்லாம் வழக்கம்போல மேய்ந்துகொண்டிருக்கும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் முதல் நாள் நினைத்தாள். இரண்டாம் நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

பிறகு முட்டை குறைந்தது. பிறகு நின்றே போனது. பிறகு கொல்லையெங்கும் இறகு.

நேற்று இரவு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது குட்டி ஒரு கை நிறைய இறகைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

“கால்நடை டாக்டரைப் பார்த்தேன் அண்ணி. அவர் கேட்ட முதல் கேள்வி, வெளிச்சம் போதுமான அளவு படுதான்னுதான். வெளிச்சம் குறைஞ்சா முட்டை நின்னுடுமாம், இறகும் கொட்டுமாம். எங்க கொல்லையில வெயில் கொட்டுது டாக்டர்னு சொல்லிட்டு வந்தேன்.”

அண்ணிக்குக் காது சுட்டது. “வேற என்ன சொன்னார்?”

“வேற ஒண்ணும் தெரியலன்னார்.” குட்டி ஓர் இறகை எடுத்து விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். “எனக்குன்னு எது வந்தாலும் கொஞ்ச நாள்ல நின்னுபோயிடுது அண்ணி. என் கை ராசி.”

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. நாள் முழுக்க அடுத்தவர் எழுதிக் கொடுத்த வாக்கியங்களைத் தடுமாறாமல் சொல்கிறவளுக்குத் தன் சொந்த வாக்கியம் ஒன்று சொல்ல வரவில்லை. நாளை மருத்துவமனைக்கு ஒரு பதிவு இருக்கிறது. அது ஒன்று மட்டும் முடியட்டும், அதன் பிறகு திரையைக் கிழித்துத் தரை துடைக்கப் போட்டுவிடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு படுத்தாள்.

இது நேற்று.

இன்று காலை, குட்டி வேலைக்குப் போன பிறகு, ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே கணவர் மெதுவாக விஷயத்தை இறக்கினார்.

“மாப்பிள்ளை சாயங்காலம் வர்றார். குட்டியைக் கூட்டிட்டுப் போக.”

“குட்டிக்குத் தெரியுமா?”

“நேத்தே சொன்னேன்.”

“என்ன சொன்னா?”

“சரின்னா.”

“எந்தச் சரி? மனசார சரியா, சும்மா சரியா?”

“சரியில எத்தனை வகைம்மா இருக்கு? சரின்னா.”

“போக இஷ்டமான்னு நீங்க கேட்டீங்களா?”

“அவ சொல்லல. நான் கேக்கல.”

“ரொம்ப நல்ல குடும்பங்க உங்களோடது. யாரும் யாரையும் ஒண்ணும் கேக்கறதில்ல. எல்லாம் ஆகாசத்துலேர்ந்து தெரியணும்.”

“இப்ப உனக்கு என்ன? கோழி போகப்போகுது. சந்தோஷப்படு.” அவர் கருவிப்பையை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்களாம். மாட்டிக்கொண்டவர்கள் பாக்கியசாலிகள் என்று அண்ணி நினைத்தாள்.

சந்தோஷப்படத்தான் முயன்றாள். தானியத்தை எடுத்தாள். ‘பா, பா.’ ஐந்தும் வந்தன. இறகு உதிர்ந்து கழுத்து தெரிய, சீமாட்டி இப்போது பார்க்கவே சகிக்கவில்லை. கடைசித் தடவை, மன்னிச்சுடு என்று அதனிடம் சொல்லிக்கொண்டே திரையைப் போர்த்தினாள்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, காதில் ஹெட்போனை மாட்டினாள். நல்ல அமைதி.

“வணக்கம். எங்களை அழைத்ததற்கு நன்றி. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தயவுசெய்து இணைப்பில்…”

கொக், கொக், கொக், கொக்கரகொக்!

ஒன்றல்ல, ஐந்தும். ஊமைகூட.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கொல்லைக் கதவை ஓங்கித் திறந்து, “சனியன்களா! ஒரு வரி, ஒரே ஒரு வரி சொல்லவிட மாட்டீங்களா? என்னைக்குத் தொலைவீங்க எல்லாரும்?” என்று கத்திக்கொண்டே வெளியே வந்தாள்.

கூண்டின் அருகே குட்டி நின்றுகொண்டிருந்தாள். கையில் கறுப்புத் திரை. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அவள் காலைச் சுற்றி ஐந்து கோழிகளும் விடிந்துவிட்டதைக் கொண்டாடிக்கொண்டிருந்தன.

“எல்லாரும்னா, நானும் சேர்த்தியா அண்ணி?”

“நீ எப்ப வந்தே?”

“இது எத்தனை நாளா நடக்குது?”

அண்ணி குனிந்து காலடியில் கிடந்த ஓர் இறகைப் பொறுக்கினாள்.

“நான் டாக்டர்கிட்ட என்ன சொன்னேன்னு நேத்து உங்ககிட்ட சொன்னேனே. கேட்டுட்டுச் சும்மாதானே இருந்தீங்க? என் கை ராசின்னு நான் சொன்னப்பக்கூட…”

“என் வேலை போகுது குட்டி! மேனேஜரும் வக்கீலும் சேர்ந்து என் வாயில மண்ணைப் போடுதுங்க. நான் என்ன பண்ணட்டும்?”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நீ ஒரு வார்த்தை கேட்டியா?”

“என்ன கேக்கணும்?”

அவ்வளவுதான். இத்தனை மாதமாக அடைத்து வைத்திருந்தது மடை திறந்துகொண்டது.

“என்ன கேக்கணுமா? உன் அண்ணன் வந்து ‘வர்றா’ன்னார். நீ வந்தே. கோழி வந்துச்சு. கூண்டு வந்துச்சு. என் ஜன்னலுக்குக் கீழதான் வைக்கணும்னு உங்க ரெண்டு பேருக்குள்ள முடிவாச்சு. ரெண்டு நாள் ரெண்டு மாசமாச்சு, அப்புறம் எண்ணறதையே விட்டுட்டேன். இது என் வீடும்தானே? அண்ணி, வரட்டுமா, இருக்கட்டுமா, இடைஞ்சலான்னு யாராவது ஒருத்தர் ஒரு தடவை என்னைக் கேட்டீங்களா? கேட்டிருந்தா…”

“கேட்டிருந்தா?”

அண்ணிக்கு மூச்சு வாங்கியது. “இப்ப என்ன அதுக்கு.”

குட்டி திரையை நான்காக மடித்தாள். கோபத்திலும் ஓரங்களைச் சரியாக வைத்து மடிக்கிற பெண். “அதுவும் சரிதான். சாயங்காலம் அவர் வர்றார். போயிடறோம், எல்லாரும்” என்றாள்.

பிறகு, கடைத்தெருவிலிருந்து மூன்று அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து, பக்கங்களில் கத்தரியால் துளை போட ஆரம்பித்தாள்.

பட்டப்பகலில் கோழி பிடிப்பதைப் போல மானம் போகிற காரியம் வேறில்லை. இருட்டிவிட்டால் அவை கைக்குள் பூனை மாதிரி அடங்கிவிடும். வெளிச்சத்திலோ போக்குக் காட்டும், பக்கத்தில் வரும், கையை நீட்டினால் முழம் தள்ளி நிற்கும். குட்டி தனியாக வியர்த்து விறுவிறுத்து ஓடுவதை அண்ணி கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தாங்கவில்லை. இறங்கி வந்தாள்.

“நகரு. அந்தப் பக்கம் நான் மறிக்கிறேன்.”

“வேணாம் அண்ணி.”

“பேசாதே. இன்னும் உன்மேல கோபமாத்தான் இருக்கேன். குனி!”

அழுமூஞ்சியைக் குட்டி பிடித்தாள். சீமாட்டி தானாகவே வந்து பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டது. வக்கீல், அண்ணியின் முந்தானைக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. மேனேஜர் துவைக்கிற கல்மேல் ஏறி நின்று இரண்டு பேரையும் கீழ்ப்பார்வை பார்த்தது.

“பார்வையைப் பாரு. எங்க ஸ்டுடியோக்காரர் கெட்டார்” என்றாள் அண்ணி.

குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை உதட்டைக் கடித்து அடக்கினாள். கல்லைச் சுற்றி இருவரும் எதிரெதிரே ஒரு சுற்று வந்தார்கள். மேனேஜரை மடக்கிப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மூச்சிரைக்க அண்ணி தரையில் உட்கார்ந்தாள். குட்டியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அவர் கெட்டவர் இல்ல அண்ணி” என்றாள் குட்டி, யாரும் கேட்காமலே. “அவரோட டிரைவிங் ஸ்கூல் கார்ல பார்த்திருப்பீங்களே, சொல்லித் தர்றவர் காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கும். அவர் வீட்டுக்கு வந்தாலும் அந்தக் காலை எடுக்கவே இல்ல. கடையில பெரிய பொறுப்பு தர்றோம்னாங்க. ‘இப்ப வேணாம், அப்புறம் யோசிக்கலாம்.’ மாடியில ஒரு ரூம் கட்டலாமா? ‘மெதுவா, மெதுவா.’ நான் எதை எடுத்தாலும் ரெண்டடி போறதுக்குள்ள நின்னுடும். திட்டக்கூட மாட்டார். சிரிச்ச முகமா நிறுத்துவார். கோழி வளர்க்கறதை மட்டும் அவர் கவனிக்கல. கவனிச்ச அன்னைக்கு வேற வீடு பார்த்துட்டார்.”

“இதை ஏன் இத்தனை நாளா சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

அண்ணி அவளை முறைத்தாள். இந்தக் குடும்பத்தை என்னதான் செய்வது?

மதியம், பெட்டிகள் மூன்றும் நிழலில் வரிசையாக இருந்தன. சத்தமே இல்லை. மாதக்கணக்காக அண்ணி ஏங்கிய அமைதி. மைக் முன்னால் உட்கார்ந்தாள். “உங்கள் அழைப்பு எங்களுக்கு…” தொண்டை அடைத்தது. தண்ணீர் குடித்தாள். “உங்கள் அழைப்பு…” மறுபடியும் அடைத்தது. ஒருவழியாக முடித்து அனுப்பினால், ஸ்டுடியோக்காரர் உடனே கூப்பிட்டார்.

“மேடம், கோழி இல்ல. ரொம்ப நன்றி. ஆனா குரல்ல ஏதோ சளி மாதிரி இருக்கே. காத்திருக்கறவங்க இதைக் கேட்டா டாக்டர் கைவிட்டுட்டார்னு நினைச்சுப்பாங்க மேடம். நாளைக்குக் காலையில திருப்பிப் பண்ணித் தாங்க.”

நான்கு மணிக்கு, மேலே ‘கற்பவர்’ பலகை வைத்த கார் வாசலில் வந்து நின்றது. பின்னாலேயே ஸ்கூட்டரில் கணவர். இருவரும் நேரே கொல்லைக்கு வந்தார்கள். மாப்பிள்ளை மடிப்புக் கலையாத சட்டையில், தேர்வில் தோற்ற மாணவனைப் பார்க்கிற மாதிரி கனிவாகக் குட்டியைப் பார்த்தார்.

“நல்லா இருக்கீங்களா தங்கச்சி?” என்று அண்ணியையும் விசாரித்தார். பிறகு பெட்டிகளைப் பார்த்தார். “இது என்ன?”

“கோழி” என்றாள் குட்டி. ஊமையை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள்.

“கார்ல காலையில பசங்க கத்துக்க வருவாங்கம்மா. இறகு ஆகும். இதுங்க இங்கயே இருக்கட்டும். முதல்ல நீ வா. மெதுவா எல்லாம் யோசிக்கலாம்.”

“அதானே” என்று கணவர் நிம்மதியோடு பிடித்துக்கொண்டார். “நீ கவலைப்படாம கிளம்பு குட்டி. கோழியெல்லாம் உங்க அண்ணி பார்த்துப்பா.”

“யாரு பார்த்துப்பா?”

இதுவரை எந்தப் பதிவிலும் உயராத குரல் கொல்லைச் சுவரில் மோதித் திரும்பியது. பெட்டிகளுக்குள் நான்கு கோழிகளும் ஒரே நேரத்தில் அசைந்தன.

“இல்லம்மா, நீ பார்த்துப்பேன்னு நான் நினைச்சு…”

“நினைச்சீங்க. வரும்போதும் நினைச்சீங்க, போகும்போதும் நினைக்கறீங்க. என் வாயைப் பார்த்து ஒரு தடவை கேக்கறதுக்கு உங்களுக்கு என்னங்க வலிக்குது? ஊருக்கெல்லாம் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்துன்னு நான்தான் சொல்றேன். என்னை அழுத்தறதுக்கு மட்டும் எந்த எண்ணும் வேண்டியதில்ல போல!”

கணவர் நழுவ வழி தேடி வாசல் பக்கம் பார்த்தார். மாப்பிள்ளை அவர் தோளில் கை வைத்து, “கோபத்துல பேச வேணாம் மச்சான். ஒரு டீ குடிச்சுட்டுக் கிளம்பறோம்” என்று சமாதானமாகச் சொன்னார். “அஞ்சு நிமிஷம் எடுத்துக்க, பையைக் கட்டிக்க” என்று குட்டியிடம் சொல்லிவிட்டு, அவரை உள்ளே நடத்திக்கொண்டு போகத் திரும்பினார்.

குட்டி பையைக் கட்டப் போகவில்லை.

“அண்ணி” என்றாள்.

இரண்டு ஆண்களும் படியில் நின்றுவிட்டார்கள்.

“அண்ணி, வந்த அன்னைக்கே உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தினமும் பாத்திரம் தேய்க்கும்போது மனசுக்குள்ள சொல்லிப் பார்ப்பேன். கேக்காத வரைக்கும் யாரும் இல்லைன்னு சொல்ல முடியாதில்லையா, அந்த தைரியத்துல நாளை ஓட்டிட்டேன்.” கையிலிருந்த கோழியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “இப்ப நீங்க முடியாதுன்னு சொன்னாலும் தப்பில்ல. அண்ணன்கிட்ட கேக்கல. அவர்கிட்டயும் கேக்கல.”

“குட்டி, மெதுவா…” என்றார் மாப்பிள்ளை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“உங்களைத்தான் கேக்கறேன் அண்ணி. நான் இந்த வீட்லயே இருக்கட்டுமா?”